எந்தத் தேயிலைக்கு எந்தப் பாத்திரம்?

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வசிக்கும் நம் அங்கத்தினர்களின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களுக்கும் உபயோகப்படும் என்பதால் முழுமையாகப் பிரசுரிக்கப்படுகிறது.)



காப்பிக் குடும்பங்கள் கூடியிருக்கும் இடத்தில் தேயிலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம்மில் பலருடைய குழந்தைகள் சிங்கப்பூர், டோக்கியோ, ஹாங்காங் என்று உத்தியோகம் பார்க்கிறார்கள். லீவுக்கு வரும்போது விதவிதமான தேயிலையும், அதைப் போட விதவிதமான கெட்டிலும் கிண்ணமும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தேயிலை டப்பா ஃப்ரிட்ஜின் மேல் இருக்கிறது. கிண்ணம் கொலுப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. 'எதை எதில் போடுவது?' என்று என்னிடம் கேட்டவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது. 'பாட்டியின் ஈயச்சொம்பில் போடலாமா?' என்றும் இரண்டு மாமிகள் கேட்டார்கள். பி.எஸ்ஸி. ரஸாயனம் படித்துவிட்டு 35 வருஷம் சர்க்கார் கோப்புகளில் கழித்தவன் நான். படித்த படிப்பு இதற்காவது பயன்படட்டும் என்று இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

முதலில் நம் ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துடனும், நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துடனும் சேர்ந்தன. அன்று முதல் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ராஜ்ய எல்லை. இந்தப் பக்கம் கடையில் 'ஒரு சாயா' என்கிறோம். அந்தப் பக்கம் போனால் 'ஒரு டீ' என்கிறோம். இரண்டையும் கலந்து பேசுகிறவர்களும் உண்டு. உலகம் முழுவதும் இந்தப் பானத்துக்கு அநேகமாக இரண்டே வம்சத்துப் பெயர்கள்தான். சீனாவின் பெரும் பகுதியில் வழங்கும் 'சா' என்ற சொல் தரை மார்க்கமாகவும் போர்த்துகீசியர் மூலமாகவும் பரவி, சாய், சாயா என்று ஆயிற்று. ஃபூஜியன் கடற்கரைப் பேச்சில் உள்ள 'தே' என்ற சொல்லை டச்சு வியாபாரிகள் கப்பலில் கொண்டுபோனார்கள். அதுதான் ஆங்கிலத்தில் டீ. நம் தமிழில் தேயிலை. அந்த இரண்டு வம்சங்களும் சந்திக்கிற இடத்தில் நாம் குடியிருக்கிறோம்.

நம் நாட்டுப்புறத்து சாயாக்கடையைக் கவனித்தவர்களுக்கு தேயிலைப் பாத்திரத்தின் முதல் பாடம் தெரிந்திருக்கும். கடை நடுவில் சமோவர் நிற்கும். உள்ளே கரி எரியும் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர். சில கடைகளில் உள்ளே ஒரு நாணயத்தைப் போட்டு வைப்பார்கள். தண்ணீர் கொதிக்கும்போது அது கடகடவென்று தாளம் போடும். மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. தேயிலை அந்தப் பாத்திரத்துக்குள் போவதே கிடையாது. அது துணிச் சஞ்சியில் தனியாக இருக்கும். சமோவரிலிருந்து வெந்நீரைப் பிடித்துச் சஞ்சியில் விடுவார், சாறு கீழே இறங்கும். தண்ணீரைச் சுடவைப்பது ஒரு வேலை, இலையை ஊறவைப்பது வேறு வேலை, குடிப்பது மூன்றாவது வேலை. மூன்றுக்கும் மூன்று பாத்திரம். சீனாவிலும் ஜப்பானிலும் செய்வதும் இதேதான். நாம் வீட்டில் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, பாலையும் சர்க்கரையையும் சேர்த்துக் கொதிக்கவிடுகிறோம். அதனால்தான் வெளிநாட்டுச் சாமான்களைப் பார்த்தால் எது எதற்கு என்று புரிவதில்லை.

நாம் வீட்டில் போடும் தேயிலைக்குக் கொதிக்கவைக்கும் முறை தப்பும் இல்லை. அது சி.டி.சி. என்கிற உருண்டைத் தூள். 1930-களில் அஸ்ஸாமில் உண்டான இயந்திர முறை அது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிவிடுவதால் சாறு இரண்டு மூன்று நிமிஷத்தில் கறுப்பாக இறங்கிவிடும், பாலுக்கு ஈடுகொடுக்கும். அதற்கு எவர்சில்வர் பாத்திரமும் ஒரு வடிகட்டியும் போதும். முழு இலைத் தேயிலையின் சங்கதி வேறு. டார்ஜிலிங், நீலகிரியின் குளிர்காலத் தேயிலை, மூணாறில் செய்யும் பச்சைத் தேயிலை, சீனத்து ஊலாங், ஜப்பானின் சென்சா ஆகிய எல்லாம் ஒரே இனச் செடிதான். பறித்த பிறகு இலையைக் காற்றில் எவ்வளவு கறுக்கவிட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். பச்சைத் தேயிலையை உடனே ஆவியிலோ வாணலியிலோ சுடவைத்துக் கறுக்காமல் தடுத்துவிடுவார்கள். ஊலாங் பாதி வழியில் நிறுத்தியது. கறுப்புத் தேயிலை முழுவதும் கறுத்தது. இவற்றைப் பால் விடாமல், கட்டன் சாயா மாதிரி, ஆனால் கொதிக்கவிடாமல் குடிக்க வேண்டும்.

அப்படியானால் நல்ல பாத்திரம் என்ன செய்ய வேண்டும்? என் அபிப்பிராயத்தில் நான்கே காரியங்கள். ஒன்று, தண்ணீரை அந்தத் தேயிலைக்கு வேண்டிய சூட்டில் வைத்திருக்க வேண்டும். இரண்டு, இலை விரிய இடம் கொடுக்க வேண்டும். மூன்று, சரியான நேரத்தில் இலையையும் சாற்றையும் பிரிக்க வேண்டும். நான்கு, தன்னிடமிருந்து எதையும் சாற்றில் சேர்க்கக் கூடாது. அழகு, விலை, தேசம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதல் காரியமான சூட்டை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியப் பச்சைத் தேயிலைக்கு 70 முதல் 80 டிகிரி போதும். அதில் உயர்ந்த ரகமான க்யொகுரோவுக்கு 50, 60 டிகிரிதான். சீனப் பச்சைத் தேயிலைக்கு 80-ஐ ஒட்டி. ஊலாங்குக்கு 90-க்கு மேல். கறுப்புத் தேயிலைக்கும் பழக வைத்த பூ-அர் தேயிலைக்கும் கொதிநீர். பச்சைத் தேயிலையில் கொதிநீரை விட்டால் துவர்ப்பு முழுவதும் இறங்கி, கஷாயம் மாதிரி ஆகிவிடும். 'எனக்கு க்ரீன் டீ பிடிக்காது' என்பவர்களில் பலருக்குப் பிடிக்காதது கொதிநீரில் வெந்த க்ரீன் டீதான்.

இதற்குத் தெர்மாமீட்டர் வாங்க வேண்டாம். நம் ஆத்தில் டபரா டம்ளர் இருக்கிறது. கொதிநீரை ஒரு குளிர்ந்த பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஒவ்வொரு தடவைக்கும் சுமாராக 5 முதல் 10 டிகிரி இறங்கும். ஜப்பானியர்கள் இதற்கென்றே 'யூஸமாஷி' என்று ஒரு மூக்குக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். வெந்நீரை ஆற்றுவதுதான் அதன் ஒரே வேலை. பேரன் வாங்கிவந்த செட்டில் கைப்பிடி இல்லாத மூக்குக் கிண்ணம் ஒன்று இருந்தால் அநேகமாக அதுதான். நமக்கு அது டபரா. மலைப் பிரதேசத்து அங்கத்தினர்களுக்கு இயற்கையே ஆற்றிக்கொடுத்துவிடுகிறது. ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெங்களூரில் 97.

பாத்திரத்தின் கனமும் சூட்டைத் தின்னும். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 30 டிகிரியில் இருக்கும் 200 கிராம் எடையுள்ள மண் கெட்டிலில் 150 மில்லி கொதிநீரை விட்டால், கெட்டில் தன் பங்கு சூட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் சுமார் 85 டிகிரிக்கு வந்துவிடும். அதே தண்ணீரை 100 கிராம் எவர்சில்வர் டம்ளரில் விட்டால் 95 டிகிரி இருக்கும். ஆகையால் ஊலாங், பூ-அர் போடுகிறவர்கள் கெட்டிலை முதலில் ஒரு தடவை கொதிநீரால் கழுவிக் கொட்டிவிட வேண்டும். பச்சைத் தேயிலைக்கு அது தேவையில்லை. கெட்டில் தின்பது நல்லதுதான். எவர்சில்வர் ஆரம்பத்தில் சூட்டைக் குறைவாக எடுத்தாலும், மெல்லிய சுவர் வழியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், கையையும் சுடும். அதனால் ஊறவைக்கப் பீங்கானும் கண்ணாடியும் சௌகரியம்.

இனி, குழந்தைகள் கொண்டுவரும் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடியில் ஒரு தட்டு, நடுவில் கிண்ணம், மேலே மூடி என்று மூன்று பாகமாக வெள்ளைப் பீங்கானில் இருந்தால் அது கைவான். சீனாவில் மிங் ராஜ்ய காலத்திலிருந்து புழக்கத்தில் இருப்பது. 100 முதல் 150 மில்லி பிடிக்கும். மூடியைக் கொஞ்சம் சாய்த்து, இலையைத் தடுத்துக்கொண்டு சாற்றை வடிக்க வேண்டும். பீங்கானுக்குக் கண்ணாடிப் பூச்சு இருப்பதால் வாசனையை உறிஞ்சாது. காலையில் பச்சைத் தேயிலை, சாயங்காலம் ஊலாங் என்று எதையும் போடலாம். சிறிய கிண்ணத்தில் 4, 5 கிராம் இலை போட்டு, 20, 30 விநாடியில் வடித்து, அதே இலையில் நான்கைந்து தடவை போடுவது சீன வழக்கம். ஆனால் ஒரு எச்சரிக்கை. கைவானின் விளிம்பு சுடும், அதை மூன்று விரலால் பிடிக்க வேண்டும். கை நடுக்கம் உள்ளவர்கள், விரல் மூட்டு வலி உள்ளவர்கள் இதைப் பேரக்குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். நம் வயசில் வெந்நீர்ப் புண் சீக்கிரம் ஆறாது.

பக்கவாட்டில் கட்டையாக ஒரு பிடி நீட்டிக்கொண்டிருந்தால் அது ஜப்பானிய க்யூஸு. டோகோநாமே என்ற ஊரின் சிவப்பு மண் கெட்டில்கள் பிரசித்தம். உள்ளே மூக்கின் வாயில் மண்ணிலேயே செய்த சல்லடை இருக்கும். பிடி சுடாது, மணிக்கட்டைத் திருப்பினால் போதும். சென்சா குடிக்கிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது. கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும் என்பது இதில் முக்கியம். மிச்சம் வைத்தால் அடுத்த தடவை கசக்கும்.

கறுப்பாக, கனமாக, வார்ப்பிரும்பில் இருந்தால் இரண்டு வகை உண்டு, இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். உள்ளே வெறும் இரும்பாக இருந்தால் அது தெட்ஸுபின். தண்ணீர் சுடவைக்க மட்டும் உண்டானது. அதில் இலையைப் போடக் கூடாது. தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகிவிடும். பழைய காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுத்து மை காய்ச்சிய ரஸாயனம் அது. உள்ளே பளபளவென்று எனாமல் பூச்சு இருந்தால், அது ஊறவைக்க மட்டும் உண்டான கெட்டில். அதை அடுப்பில் வைக்கவே கூடாது, எனாமல் வெடித்து உதிர்ந்துவிடும். வெளிப் பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் காஸ் பற்றவைக்க வேண்டும்.

சின்னதாக, பூச்சு இல்லாமல், ஊதா கலந்த பழுப்பு நிற மண்ணில் இருந்தால் அது சீனாவின் ஜியாங்ஸு மாகாணத்து யீஷிங் கெட்டில். நுண்ணிய துவாரங்கள் உள்ள மண் அது. நாள்பட நாள்பட தேயிலையின் சத்தையும் வாசனையையும் உள்வாங்கும். அதனால் ஒரு கெட்டிலுக்கு ஒரே வகைத் தேயிலை என்பது அவர்கள் விதி. சோப்புப் போட்டுக் கழுவவும் மாட்டார்கள்.

இங்கே எனக்கு என் பாட்டி ஞாபகம் வருகிறாள். மண் பாத்திரமும் பீங்கானும் எச்சிலை உள்வாங்கிக்கொள்ளும், உலோகம் வாங்காது என்பது அவள் சித்தாந்தம். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் சுத்தம். மண் சட்டி தீட்டுப் பட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். ஊறுகாய்ப் பரணிக்கு மட்டும் எப்படியோ விதிவிலக்கு. பூச்சில்லாத மண் உள்வாங்கும் என்பதைப் பாட்டி குற்றமாகச் சொன்னாள். சீனாக்காரர்கள் அதையே குணமாக வைத்துக் கெட்டில் செய்தார்கள். பௌதிகம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பூச்சுள்ள பீங்கான் விஷயத்தில் மட்டும் பாட்டிக்கு சயன்ஸ் துணை வராது. அது கண்ணாடி மாதிரி, எதையும் உள்வாங்காது. யீஷிங் பெயரில் போலிகள் ஏராளம் என்பதால், மண்ணின் தரம் பார்க்கத் தெரியாதவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்காமல் இருப்பது நல்லது. பரிசாக வந்திருந்தால் ஒரு தேயிலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது நான்காவது காரியத்துக்கு வருகிறேன். பாத்திரம் தன்னிடமிருந்து எதையும் சாற்றில் சேர்க்கக் கூடாது என்றேன். இதுதான் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ருசி கொஞ்சம் குறைந்தால் ஒரு நாள் நஷ்டம். இதில் குறை வந்தால் குழந்தைகளுக்கு நஷ்டம்.

நம் பாஷையில் 'ஈயம்' என்ற ஒரே சொல்லில் இரண்டு உலோகங்கள் ஒளிந்திருக்கின்றன. வெள்ளீயம் சாது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைக்குள் பூசும் பூச்சும் அதுவாக இருக்க வேண்டும். காரீயம் விஷம். உடம்பில் சேர்ந்தால் எளிதில் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. காரீயம் வெள்ளீயத்தைவிட மலிவு. எனவே கலப்படம் செய்ய ஆசை உண்டாகும். தேயிலைச் சாறு லேசான புளிப்புள்ளது. ரசமும் புளியும் அதைவிடப் புளிப்பு. புளிப்புப் பட்டால் காரீயம் கரையும்.

ஆகவே 'பாட்டியின் ஈயச்சொம்பில் தேயிலை போடலாமா' என்ற கேள்விக்கு என் பதில்: முதலில் சொம்பு எந்த ஈயம் என்று பாருங்கள். அதற்கு வீட்டிலேயே ஒரு பரீட்சை உண்டு. ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான், எட்டாம் கிளாஸில் எல்லோரும் படித்தது. எலெக்ட்ரானிக் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். முதலில் சொம்பை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சிறிய வாளியில் தண்ணீர் வைத்துத் தராசின் மேல் வையுங்கள், அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சொம்பை நூலில் கட்டி, கையால் பிடித்தபடியே, தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி இறக்குங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. உள்ளே காற்றுக் குமிழி தங்கக் கூடாது. தராசு இப்போது எத்தனை கிராம் கூடுதலாகக் காட்டுகிறதோ அதுதான் உலோகத்தின் கன அளவு, மில்லி கணக்கில். எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. காரீயம் 11.3. சொம்பு 500 கிராம் இருந்து, தராசு 68 அல்லது 69 கிராம் கூடுதல் காட்டினால் வெள்ளீயம். 56 கிராம்தான் காட்டுகிறது என்றால் பாதிக்குப் பாதி காரீயம் என்று வைத்துக்கொள்ளலாம். 66 காட்டினால் பத்தில் ஒரு பங்கு கலந்திருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பரீட்சை பெரிய கலப்படத்தைப் பிடிக்கும், சிறிய அளவைப் பிடிக்காது. அதற்கு எக்ஸ்-ரே மூலம் உலோகத்தைச் சோதிக்கும் கருவி வேண்டும். தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் கூடங்களில் இருப்பது அந்த வகைக் கருவிதான். பரீட்சையில் தோற்ற சொம்பு எத்தனை தலைமுறைச் சொத்தானாலும் சமையலுக்கு வேண்டாம். அலமாரியில் அலங்காரமாக இருக்கட்டும். ஜெயித்த சொம்பில் வழக்கம்போல் ரசம் வையுங்கள். ஆனால் தேயிலைக்கு அது வேண்டியதில்லை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். தண்ணீர் வற்றினால் சொம்பு அடுப்பில் ஒழுகிவிடும் என்பது இங்கே இருக்கும் மாமிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு உள்ளே பூச்சு அவசியம். காஷ்மீரத்தில் கஹ்வாவும் உப்புச் சாயாவும் போடும் செம்புச் சமோவருக்கும் உள்ளே வெள்ளீயம் பூசுகிறார்கள். அந்தக் காலத்தில் தெருவில் துருத்தியுடன் வருவாரே, பாத்திரத்தைச் சுடவைத்து, நவாச்சாரத் தூளைப் போட்டு, பஞ்சால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் வெள்ளி மாதிரி மின்னும். இப்போது அவர் அபூர்வமாகிவிட்டார். கிடைத்தாலும், என்ன ஈயம் பூசுகிறார் என்று கேளுங்கள். பற்றவைக்கும் கம்பி வெள்ளீயமும் காரீயமும் கலந்ததாக இருக்கலாம். அதை உருக்கிப் பூசினால் பளபளப்பில் வித்தியாசம் தெரியாது. பூச்சை அடர்த்தி பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே பூச்சு போன பித்தளையும், பூச்சு எதுவென்று தெரியாத பித்தளையும் தேயிலைக்கு வேண்டாம். பித்தளைக் காப்பி ஃபில்டருக்கும் இதையே சொல்வேன்.

சந்தையில் விற்கும் வண்ணக் கோப்பைகளிலும் இதே ஆபத்து உண்டு. மலிவான மண் கோப்பைகளின் பூச்சிலும், உள்பக்கம் தீட்டிய சிவப்பு, மஞ்சள் வர்ணங்களிலும் காரீயம் இருக்கக்கூடும். சாற்றை அதில் மணிக்கணக்கில் வைத்தால் இறங்கும். வெளியே எத்தனை சித்திரம் இருந்தாலும், உள்ளே வெறும் வெள்ளையாக இருப்பதை எடுங்கள். பூச்சில் கீறலோ சிலந்தி வலை மாதிரி வெடிப்போ வந்துவிட்டால் பேனா போட்டு வைக்க உபயோகித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையின் போர்வெல் தண்ணீர் போலக் கடினமான தண்ணீரில் போட்டால் மேலே எண்ணெய் மாதிரி ஏடு படியும், நிறம் மங்கும். பாத்திரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள்; அது சுண்ணாம்பின் வேலை. அங்கே உள்ள அங்கத்தினர்கள் வடிகட்டிய தண்ணீரை உபயோகிக்கலாம். பம்பாயில் ஏரித் தண்ணீர் மெதுவானது, கவலை இல்லை. நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் பொதுவாக மெதுவானதுதான். ஆனால் செம்மண் கல் வெட்டிய கிணறுகளில் சிலவற்றில் இரும்புச் சத்து இருக்கும். வாளியில் சிவப்புக் கறை படிகிறதா என்று பாருங்கள். அந்தத் தண்ணீரில் தேயிலை கறுத்துவிடும்; முன்பு சொன்ன மை ரஸாயனம்தான்.

அதே ரஸாயனம் வயிற்றிலும் நடக்கிறது. காய்கறி, கீரை, பருப்பிலிருந்து நமக்குக் கிடைக்கும் இரும்புச் சத்தைத் தேயிலையின் துவர்ப்பு பிடித்துக்கொண்டுவிடும். நாம் சைவ போஜனக்காரர்கள், இரும்புக்கு வேறு வழி குறைவு. எனவே சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், ஒரு மணி நேர இடைவெளி இருக்கட்டும். ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடும் பெண்களும் வயதானவர்களும் மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவே கூடாது.

கடைசியாக, 'எதுவுமே இல்லை, ஒன்று மட்டும் வாங்க வேண்டும், எதை வாங்குவது?' என்று கேட்பவர்களுக்கு. 150 முதல் 300 மில்லி பிடிக்கும் வெள்ளைப் பீங்கான் அல்லது போரோஸிலிகேட் கண்ணாடிக் கெட்டில், உள்ளே எடுத்து வைக்கக்கூடிய பெரிய எவர்சில்வர் சல்லடைக் கூடையுடன். கூடை கெட்டிலின் அடி வரை இறங்க வேண்டும். கோலி அளவு உருண்டைச் சல்லடை வேண்டாம், அதில் இலை விரியாது. நேரம் ஆனதும் கூடையைத் தூக்கிவிட்டால் கசப்பு நின்றுவிடும். கை நடுங்குபவர்களுக்கும் ஏற்றது. தேயிலை ருசி பார்ப்பதற்கென்று சர்வதேச விதி ஒன்று இருக்கிறது: ஐ.எஸ்.ஓ. 3103. 1980-இல் வந்து 2019-இல் திருத்தப்பட்டது. அதற்கு மூலமான பிரிட்டிஷ் விதிக்கு 1999-இல் சிரிப்புக்காகக் கொடுக்கும் இக்-நோபல் பரிசு கூடக் கிடைத்தது. சிரித்தாலும், அந்த விதி சொல்வது வெள்ளைப் பீங்கான் அல்லது பூச்சுள்ள மண் கெட்டில்தான். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிநீர், 6 நிமிஷம். அது தேயிலையின் குற்றம் குறை காண்பதற்கான கணக்கு. நாம் குடிப்பதற்கு அதே 2 கிராம், மூன்று நிமிஷம் போதும். பச்சைத் தேயிலை என்றால் டபராவில் ஆற்றிய தண்ணீர், ஒன்றரை முதல் இரண்டு நிமிஷம்.

மற்றபடி தண்ணீர் சுடவைக்க எவர்சில்வர் பாத்திரம், ஆற்ற டபரா, குடிக்க டம்ளர் என்று எல்லாம் நம் சமையலறையிலேயே இருக்கின்றன. அலமாரியில் இருக்கும் கைவானையும் க்யூஸுவையும் இந்த வாரமே வெளியே எடுங்கள். குழந்தைகள் ஆசையாகக் கொண்டுவந்தது புழக்கத்தில் இருப்பதை ஒரு படம் எடுத்து அனுப்பினால் அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆத்தில் உள்ள ஈயச்சொம்புகளை எடுத்துவாருங்கள். தராசும் வாளியும் நூலும் நான் கொண்டுவருகிறேன். பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், சொம்பு மாறிப்போனால் அதற்கு சயன்ஸில் பரிகாரம் கிடையாது. வெளியூர் அங்கத்தினர்கள் அவரவர் ஊர்க் கூட்டத்தில் இதையே செய்யலாம். பேரன் பேத்திகள் கோடை லீவுக்கு வருவதற்குள் இந்தப் பரீட்சை முடிந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.